முதலில் தலையை எண்ணுங்கள், அப்புறம் தாளம் போடலாம்

மாணவர் சேர்ந்திசைக் குழுவோடு வெளிநாடு போய் வழியில் மாட்டிக்கொண்ட கதைகளையும் சந்தேகங்களையும் எழுதச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். பாட்டைப் பற்றித்தான் நிறைய கேள்வி வரும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பெட்டி, பஸ், பாஸ்போர்ட். சரி, பல வருஷமாக இப்படிக் குழுக்களை மேய்த்துக்கொண்டு போனவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்கக் கூடாது.

முப்பத்திரண்டு மாணவர்களை முதல் தடவையாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன். எது கட்டாயம் தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்களேன்.
— ஓர் இசை ஆசிரியை

எண்ணிக்கை. மற்றதெல்லாம் தப்பாகலாம், தப்பாகாமலும் போகலாம். எண்ணிக்கை மட்டும் ஒரு தடவையாவது தப்பும்.

தமிழில் கண்டக்டர் என்றால் இசைக்குழுவுக்குக் கை அசைப்பவரும் அவர்தான், பஸ்ஸில் விசில் ஊதுபவரும் அவர்தான். சுற்றுப்பயணத்தில் இரண்டு வேலையும் உங்களுக்கே. ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொரு சீடனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணிய கதை தெரியுமல்லவா, அது வேடிக்கைக் கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு விமான நிலையத்தில் மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாக எண்ணி முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு என்று சொல்லும்வரைக்கும். நகரும் கூட்டத்தை வெளியே நின்று எண்ண முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள், ஒன்று, இரண்டு என்று அவர்களே வரிசையாகக் குரல் கொடுக்கட்டும். முப்பத்திரண்டு எண்களும் அரை நிமிஷத்தில் முடியும், குரல் வராத எண் யாருடையது என்று உடனே தெரியும். மொத்தம் ஒன்று குறைகிறது என்று தெரிந்து என்ன பயன், யார் என்பதுதானே வேண்டும்?

இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்லதுதான், ஆனால் ஜோடி ஒன்றாகவே காணாமல் போகும். இரண்டு நெருங்கிய தோழிகள் ஒரே கடைக்குள் நுழைந்துவிட்டால் ஒருத்தியைக் காணோம் என்று மற்றவள் எப்படி வந்து சொல்லுவாள்? நாலைந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள்.

இன்னொன்று, ரயில். ஜெர்மனியில் சில ரயில்கள் உண்மையில் இரண்டு ரயில்களை ஒட்டவைத்தவை. பெர்லினிலிருந்து மேற்கே போகும் அதிவேக ரயில்களில் பல ஹாம் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்ட்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும், மறு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுசல்டார்ப் பக்கம் போகும். ஒரு பாதியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே நடந்து போகவும் வழி கிடையாது. எங்கள் குழுவில் ஆல்டோ பாடும் ஆறு பேர், நடைமேடையில் நின்றபோதே ‘அந்தப் பக்கம் பெட்டி காலியா இருக்கு சார்’ என்று அங்கே ஏறிக்கொண்டார்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஹாம் தாண்டியபின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பின்னால் ரயிலே இல்லை. அவர்கள் டோர்ட்முண்டில் இறங்கி அடுத்த ரயில் பிடித்துக் கொலோன் வந்து சேர்ந்தார்கள், சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் அதுவரை உயிர் இல்லை. டிக்கெட்டில் போட்டிருக்கும் பெட்டி எண்ணில்தான் உட்கார வேண்டும் என்பதை அன்றிலிருந்து நான் கெஞ்சிக் கேட்பதில்லை, உத்தரவாகவே சொல்கிறேன்.

என் மகளின் குழுவில் எல்லாருடைய மேடை உடைகளும் இரண்டு பெரிய பெட்டிகளில் போயின. இரண்டும் வந்து சேரவில்லை. பிள்ளைகள் டி-ஷர்ட்டில் பாடினார்கள். விமான நிறுவனம் இதற்கு ஏதாவது தர வேண்டுமா?
— ஒரு தாய்

தர வேண்டும், ஆனால் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டிருந்தால். 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, பெரும்பாலான சர்வதேசப் பயணங்கள் அதற்குள்தான் வரும். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சாமான்கள் கவுண்டரில் புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும், பி.ஐ.ஆர். என்பார்கள். பெட்டி தாமதமாக வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். 21 நாளாகியும் வரவே இல்லையென்றால் தொலைந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இந்தத் தொகை. அது உச்சவரம்பு மட்டும்தான், தானாக வந்து விழும் பணம் அல்ல. அவசரத்துக்கு வாங்கிய சட்டை, சோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது காட்டினால் அந்த அளவுக்குக் கிடைக்கும்.

முப்பது பேர் உடை இரண்டு பேர் பெயரில் உள்ள பெட்டிகளில் இருந்தால், எது யாருடையது என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதைவிட, ஒவ்வொருவரும் தன் மேடை உடையைக் கைப்பையிலேயே மடித்துப் போட்டுக்கொள்வது மேல். கசங்கும், அதனால் என்ன? கசங்கிய கறுப்பு உடை மூன்றாவது வரிசையில் யார் கண்ணுக்கும் தெரியாது. பாட்டுத் தாள்களுக்கும் இதே விதிதான், முழுக் கட்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

(டி-ஷர்ட்டில் பாடியது ஒரு குறையே இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். அந்த நிகழ்ச்சியைத்தான் அவர்கள் கடைசிவரை ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்.)

திரும்பி வரும்போது விமானம் ரத்தாகி, எங்களை மூன்று வெவ்வேறு விமானங்களில் பிரித்து அனுப்பினார்கள். ஒன்றில் பன்னிரண்டு மாணவர்கள், ஒரு பெரியவர்கூட இல்லை. நாங்கள் செய்தது என்ன தப்பு?
— குழுவின் பொருளாளர்

ரத்தானது உங்கள் தப்பு இல்லை. பிரிவு எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரிடம் விட்டதுதான் தப்பு. அதற்கு யார் ஆசிரியர், யாருக்குப் பதினான்கு வயது என்றெல்லாம் கவலை இல்லை, காலி இருக்கையைப் பார்த்து நிரப்பிக்கொண்டே போகும். முதல் பதிலில் சொன்னேனே, நாலைந்து பேருக்கு ஒரு பெரியவர் என்று, அந்தப் பட்டியலை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். விமானம் ரத்து என்று பலகையில் வந்த உடனேயே ஒருவர் அந்தத் தாளோடு கவுண்டரில் நிற்க வேண்டும்: ‘பிரிக்கலாம், ஆனால் இந்தக் கோட்டில்தான் பிரிக்க வேண்டும்.’ கவுண்டரில் இருப்பவர்களுக்கும் அது நிம்மதிதான், அவர்கள் யோசிக்க வேண்டியதை நாம் யோசித்துக் கொடுத்துவிட்டோம்.

புறப்படும் இடம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தால், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் 261/2004 என்ற விதிமுறை பொருந்தும். காரணம் என்னவாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறை, அங்கே போய்வர வண்டி, இவ்வளவும் அவர்கள் பொறுப்பு. இழப்பீட்டுப் பணம் தனி. தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 250, 400, 600 யூரோ, ஆனால் புயல், பனி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் அது கிடையாது. பணம் பயணிக்குச் சேர வேண்டியது, குழுவின் கணக்குக்கு அல்ல. பொருளாளர் என்பதால் சொல்லிவைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரவு நிகழ்ச்சி முடிந்து பத்து மணிக்கு வெளியே வந்தால், பஸ் டிரைவர் ‘இனி என்னால் ஓட்ட முடியாது’ என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இதென்ன திமிர்?
— குழுவோடு போன ஒரு தந்தை

திமிர் இல்லை சார், சட்டம். இந்தக் கேள்வி நாலு கடிதத்தில் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 561/2006 விதிமுறைப்படி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் இடைவேளை எடுத்தாக வேண்டும், ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10 வரை போகலாம். எல்லாரும் இந்த ஓட்டும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இன்று மூணு மணி நேரம்தானே ஓட்டினார்’ என்று வாதாடுவார்கள். பிரச்சினை அங்கே இல்லை. வேலை தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் காலை எட்டுக்கு உங்களை ஏற்றியவர் இரவு ஒன்பதுக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சில நாள் மட்டும் ஓய்வை 9 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அந்தச் சலுகையை உங்கள் டிரைவர் அந்த வாரம் ஏற்கெனவே தீர்த்திருக்கலாம். யார் தீர்த்துவைத்தது? முந்தின நாட்களில் ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ என்று நீங்கள்தான்.

இதையெல்லாம் டாக்கோகிராப் என்ற கருவி வண்டிக்குள் உட்கார்ந்து நிமிஷம் நிமிஷமாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். வழியில் போலீஸ் நிறுத்திப் பார்த்தால் அபராதம் கட்டுவது டிரைவரும் அவருடைய கம்பெனியும்தான். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்டுவதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

வழி எளிதுதான். நிகழ்ச்சி நிரலை டிரைவரிடம் முந்தின நாளே காட்டுங்கள், பயண ஏஜெண்டிடம் காட்டினால் போதாது. இரவு நிகழ்ச்சி உள்ள நாளில் காலையில் ரயிலிலோ நடந்தோ சுற்றுங்கள், பஸ்ஸை மத்தியானத்துக்கு மேல் கூப்பிடுங்கள்.

தேவாலயத்தில் பழைய ஆர்கனோடு ஒத்திகை பார்த்தோம். நாங்கள் பழகியதைவிட அது கிட்டத்தட்ட ஒரு செமிடோன் (அரைச் சுரம்) மேலே இருந்தது. சொப்ரானோக்கள் அழாத குறை. இது எல்லாருக்கும் நடக்குமா?
— பக்கவாத்தியம் வாசிக்கும் மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இன்று நாம் ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த ஆர்கனைக் கட்டியவருக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது; ஊருக்கு ஒரு சுருதி, சில சமயம் ஒரே ஊரில் தேவாலயத்துக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று. பழைய ஜெர்மன் ஆர்கன்களில் பல, நம் கணக்குக்கு ஒரு செமிடோன் மேலே நிற்பவை. பரோக் இசையைப் பழைய முறையில் வாசிப்பவர்கள் இன்று வழக்கமாக வைத்துக்கொள்ளும் 415 ஒரு செமிடோன் கீழே. எந்தப் பக்கம் இடிக்கும் என்பது நீ போகும் கட்டடத்தைப் பொறுத்தது.

இன்னொரு சங்கதி, குளிர். காற்று சூடானால் ஆர்கன் குழாயின் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். ஒரு செமிடோனுக்கு 100 சென்ட். அப்படியானால் வெளியே பனி கொட்டும் நாளில் சூடேற்றாத கட்டடத்தில் பத்து டிகிரி குறைந்தாலே 30 சென்ட் இறங்கிவிடும், அதற்குள் நின்று பாடினால் காதில் நன்றாகவே உறுத்தும். ஒத்திகையைக் காலையில் குளிரில் வைத்துவிட்டு இரவில் கூட்டம் நிறைந்து ஹீட்டர் போட்டபின் பாடினால், காலையில் பழகியதுகூட அப்படியே இருக்காது.

போவதற்கு முன்பே இரண்டு விஷயம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆர்கனின் சுருதி எவ்வளவு, உள்ளே ஒலி எத்தனை வினாடி நிற்கும். பெரிய கதீட்ரல்களில் ஐந்தாறு வினாடி சாதாரணம், வகுப்பறையில் அழகாக ஓடிய வேகமான பாட்டு அங்கே கூழாகிவிடும். அதற்கு ஒரே மருந்து நிதானம்; ஒவ்வொரு வரி முடிவிலும் கட்டடம் பாடி முடிக்கும்வரை காத்திருங்கள். ஆர்கனோடு ஒத்துவரவே இல்லையென்றால் வாத்தியமே இல்லாமல் பாடக்கூடிய நாலு பாட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். பாக்கெட்டில் ஓர் இசைக்கவை போதும். விமான நிலையச் சோதனையில் அதை எடுத்துக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பார்கள், தட்டிக் காதருகே பிடியுங்கள், சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது.

பன்னிரண்டு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கியதும் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏ.சி.தான் காரணமா?
— ஒரு மாணவி

பாதிக் காரணம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, அதில் தொண்டை காயும். மீதிப் பாதி நீங்களேதான். இரைச்சலுக்கு நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான், பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே மூன்று வரிசை தாண்டி இருக்கும் தோழியோடு பன்னிரண்டு மணி நேரம் அரட்டை அடித்தால் அது கச்சேரிக்குச் சமம், கைதட்டல்தான் இல்லை. தண்ணீர் குடியுங்கள், சோதனை முடிந்தபின் காலி பாட்டிலை உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். தூங்குங்கள். இறங்கிய அன்றே நிகழ்ச்சி வைக்கும் ஏற்பாட்டாளரிடம் உங்கள் ஆசிரியர் கொஞ்சம் சண்டை போடட்டும்.

பாஸ்போர்ட்டில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பயணம் பத்து நாள்தான். போதாதா?
— ஒரு மாணவரின் அண்ணன்

போதாது. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்றால், அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும், கொடுத்துப் பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும். விசாவில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்பதையும் பாருங்கள். ஒரே முறை என்று போட்டிருந்து, நடுவில் இரண்டு நாள் லண்டன் போய்ப் பாடிவிட்டுப் பாரிஸுக்குத் திரும்பலாம் என்று திட்டம் போட்டால் திரும்ப முடியாது, பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் இப்படி இருந்து, அவனை யாரோடு விடுவது என்று விமான நிலையத்தில் நின்று யோசித்த குழுக்கள் உண்டு.

ஜப்பானில் எங்கள் கீபோர்டு உயிரே பெறவில்லை. கெட்டுப்போய்விட்டதா?
— பெயர் வேண்டாம்

அங்கே மின்சாரம் 100 வோல்ட். 220-240 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அடாப்டர் அங்கே சரியாக ஓடாது. கீபோர்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும், திரும்பி வந்து சோதித்துப் பாருங்கள். நேர்மாறாக நடந்தால்தான் சோகம், குறைந்த வோல்ட் அடாப்டரை 230-ல் செருகினால் புகை வரும். அடாப்டரின் மேல் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செருகியின் வடிவத்தை மாற்றும் சின்னப் பொருள் வோல்ட்டை மாற்றாது, இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரயில் நிலையக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து பார்த்தால் என் குழு இல்லை. நாற்பது நிமிஷம் தேடி அலைந்தேன். திரும்பக் கிடைத்ததும் எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. தப்பு என்னுடையதா சார்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர்

இல்லை தம்பி. உன்னை எண்ணாமல் கிளம்பியவர்களின் தப்பு. திட்டியது கோபத்தால் இல்லை, நாற்பது நிமிஷமும் அவர்கள் செத்துப் பிழைத்திருப்பார்கள், அது அப்படித்தான் வெளியே வரும். இருந்தாலும் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று மட்டும் உனக்கு. தேடி அலையாதே. அவர்களும் தேடுவார்கள், இரண்டு பேரும் நகர்ந்தால் சந்திப்பது கஷ்டம். கடைசியாக எல்லாரும் சேர்ந்து நின்ற இடத்தில் நில். தங்கும் இடத்தின் முகவரியும் ஆசிரியரின் எண்ணும் காகிதத்தில் எழுதிப் பையில் இருக்க வேண்டும், போனில் சார்ஜ் தீரும், காகிதத்துக்குத் தீராது. சீருடை போட்ட நிலைய ஊழியரிடம் அதைக் காட்டு. ஐரோப்பாவில் ஆபத்து என்றால் எந்தப் போனிலிருந்தும் 112, காசு கிடையாது.

நீங்களே ஒரு நிகழ்ச்சியைக் கோட்டைவிட்டதுண்டா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
— ஒரு பழைய மாணவி

உனக்குத் தெரிந்துதானே கேட்கிறாய்! சரி, சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டில் பாட ஒப்புக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இரவில் தூங்க வேண்டும் என்று எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தது நான், ‘என் வாட்ச் போதும்’ என்று சொன்னதும் நான். போன்கள் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டு இருட்டில் பூட்டிக் கிடந்தன. என் கைக்கடிகாரத்துக்கு யார் சொல்வது?

ஒன்பதரைக்கு, அதாவது பத்தரைக்கு, வாசலில் இறங்கி நேரம் நிறைய இருக்கிறதே என்று படிக்கட்டில் நிற்கவைத்துக் குரல் பழக்கினேன். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கோயில்பிள்ளை, அதாவது தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், மெதுவாகக் கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, எங்கள் முப்பது பேரையும் பார்த்தார். பாஷை தெரியாது, ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைத் தட்டிக் காட்டியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வழிபாடு முடிந்து வெளியே வந்தவர்களுக்காகப் படிக்கட்டிலேயே மூன்று பாட்டு பாடினோம். சிலர் தொப்பியைக் கழற்றி நின்று கேட்டார்கள், சிலர் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். கடைசியாகக் கோயில்பிள்ளை என்னைத் தோளைத் தொட்டு மேலே காட்டினார். கோபுரத்துக் கடிகாரமும் என் நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் ஏறிப் போய் மாற்றவில்லை.